திரை ஏன் ஆடியது? – நம் ஊர்க் கம்ப்யூட்டர் கூடங்களின் வரலாற்றில் ஒரு பக்கம்



சங்க மலர் என்றாலே முதல்வர்கள், கட்டிடங்கள், விளையாட்டுக் கோப்பைகள், அந்த மரத்தடி, இந்தக் கேன்டீன் என்று எழுதுவதுதான் வழக்கம். அவற்றை எழுத நம்மில் நல்ல பேனாக்காரர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது ஒரு சின்ன விஷயம். கம்ப்யூட்டருக்குள் செருகியிருக்கும், திரைக்குப் படம் அனுப்பும் அட்டை. நாம் 'டிஸ்பிளே கார்டு' என்றோம், இன்று பிள்ளைகள் 'கிராபிக்ஸ் கார்டு' என்கிறார்கள். அந்தக் கார்டும் அதனால் திரையில் வந்த கோளாறுகளும், அதனால் வந்ததாக நினைத்த கோளாறுகளும், நம் திண்டுக்கல்லில் ஒரு தலைமுறைக்கே தொழில் கற்றுக் கொடுத்தன என்றால் மிகையாகாது. அந்த வரலாறு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் இங்கே.

பச்சைத் திரைக் காலம்

1984 நவம்பரில் மத்திய அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதி வரியைக் குறைத்தது. அதே காலத்தில்தான் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளும் தொடங்கின. 1985 செப்டம்பர் 15ல் திண்டுக்கல், மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆயிற்று. பூட்டு, தோல், நூற்பாலை, சின்னாளப்பட்டிச் சுங்குடி, ஒட்டன்சத்திரம் காய்கறி, நிலக்கோட்டைப் பூ என்று இருந்த ஊர்ப் பேச்சில் 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லும் மெல்ல நுழைந்தது.

ஆனால் ரிப்பேர் என்று வந்தால் மதுரைதான். சுமார் 60 கிலோமீட்டர். சர்வீஸ் இன்ஜினியர் வர மூன்று நாள் ஆகும், ஒரு வாரமும் ஆகும். வந்தவர் "கார்டு போயிருச்சு சார், மாத்தணும்" என்று சொல்லிவிட்டு, சாயங்கால பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். கார்டு மெட்ராஸிலிருந்து வரவேண்டும். அதுவரை மெஷினுக்கு உறை போட்டு மூடி வைப்பார்கள். ஒரு மெஷின் படுத்தால் அந்த வாரம் ஏழெட்டுப் பேருக்குப் பிராக்டிகல் இல்லை. ஆகவே 'திரை ஆடுது' என்பது பையன்களுக்கு விளையாட்டுச் செய்தி அல்ல, மார்க் சம்பந்தப்பட்ட செய்தி.

நம் கூடத்தில் முதலில் இருந்தவை பச்சை எழுத்துத் திரைகள். 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் பி.சி.யை வெளியிட்டபோது இரண்டு வகைக் கார்டுகளைக் கொடுத்தது. ஒன்று எழுத்து மட்டும் காட்டும் மோனோ கார்டு. மற்றொன்று படமும் வண்ணமும் காட்டும் சி.ஜி.ஏ. கார்டு. மோனோவில் எழுத்து அச்சுப் போல இருக்கும், படம் வராது. சி.ஜி.ஏ.வில் படம் வரும், எழுத்து கடுகு சிதறியது போல இருக்கும். இரண்டும் வேண்டுமென்றால்?

தாய்லாந்துக்காரர் செய்த கார்டு

அந்தக் கேள்விக்கு விடை சொன்னவர் வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்து மாணவர். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், தம் ஆராய்ச்சிக் கட்டுரையைத் தாய் எழுத்தில் தட்டச்சு செய்ய விரும்பினார். சி.ஜி.ஏ.வின் தெளிவின்மையில் அந்த எழுத்து தேறவில்லை. ஆகவே தாமே ஒரு கார்டு செய்தார். அதுதான் 1982ல் வந்த 'ஹெர்க்குலிஸ்' கார்டு. மோனோ திரையிலேயே எழுத்தும் தெளிவாக வரும், குறுக்கே 720, நெடுக்கே 348 புள்ளிகளில் படமும் வரும். உலகமெங்கும் இதை நகல் செய்தார்கள். நம் ஊர் லேப்களில் 'ஹெர்க்குலிஸ்' என்று சொல்லி வைத்திருந்தவற்றில் பெரும்பாலானவை அந்த நகல்கள்தாம்.

இதில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. தாய் எழுத்து கெமர் எழுத்திலிருந்து வந்தது. கெமர் எழுத்து காஞ்சிப் பல்லவர் எழுத்திலிருந்து வந்தது. நம் கரையிலிருந்து கப்பலேறிப் போன எழுத்தின் பேரப்பிள்ளைக்காகச் செய்த கார்டு, சுற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தது. வந்ததும் தமிழும் அதிலேதான் முதலில் படமாக ஏறியது.

பனி பெய்த கதை

சில இடங்களில் சி.ஜி.ஏ. கலர் மெஷின்களும் இருந்தன. அவற்றில் ஒரு வேடிக்கை. எழுத்து மேலே நகரும்போதெல்லாம் திரை முழுக்க வெள்ளைப் புள்ளி தூவும். மேலைநாட்டார் அதற்குப் 'பனி' என்று பெயர் வைத்தார்கள். பனியையே காணாத நாம், "பொரி தூவுது" என்றோம்.

காரணம் எளிது. திரையில் என்ன தெரியவேண்டும் என்பது கார்டில் உள்ள நினைவகத்தில் இருக்கும். அதைக் கார்டு ஓயாமல் படித்துத் திரைக்கு அனுப்பும். அதே நினைவகத்தில்தான் கம்ப்யூட்டரின் மூளையும் புதிய எழுத்தை எழுதவேண்டும். கிணறு ஒன்று, வாளி ஒன்று, இறைக்க வந்தவர் இரண்டு பேர். 80 எழுத்து வரிசையில் இரண்டு பேரும் ஒரே சமயம் கை வைத்தால் கார்டுக்குக் கிடைப்பது குப்பை. அந்தக் குப்பைதான் பொரி. கார்டு கெட்டுப்போகவில்லை, அதைச் செய்த விதமே அப்படி.

மருந்து மென்பொருளில் இருந்தது. திரையில் ஒளிக்கற்றை ஒரு வரியை முடித்துத் திரும்பும் சின்ன இடைவெளியில் மட்டும் எழுதினால் பொரி தூவாது. டர்போ பாஸ்கலில் 'செக்ஸ்நோ' என்று ஒரு மாறியே இதற்கென்று வைத்திருந்தார்கள். கார்டைக் குறை சொல்லுமுன் புரோகிராமைப் பார் என்ற பாடம் நம்மில் பலருக்கு அங்கேதான் கிடைத்தது.

இன்னொரு பாடம். கலர் கார்டின் நினைவகம் பி800 என்ற முகவரியில் இருக்கும், மோனோவுடையது பி000. கலர் மெஷினுக்கு எழுதிய புரோகிராமை நம் மோனோ மெஷினில் ஓட்டினால் திரையில் ஒன்றும் வராது. "மெஷின் செத்துப்போச்சு" என்று கத்துவார்கள். முகவரியில் ஒரு எண்ணை மாற்றினால் பிழைத்துக்கொள்ளும்.

வண்ணம் வந்தது, ஆட்டமும் வந்தது

1987ல் ஐ.பி.எம். அறிமுகம் செய்த வி.ஜி.ஏ., நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு 1990களின் முற்பாதியில் வந்தது. நம் கூடத்துக்கும் புது வி.ஜி.ஏ. கார்டும் கலர் மானிட்டரும் வந்தன. பத்தி கொளுத்தி, சந்தனம் வைத்து, சிறுமலை வாழைப்பழம் படைத்துத்தான் ஸ்விட்சைப் போட்டார்கள்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. விண்டோஸைத் திறந்தால் திரையில் இருப்பதெல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல நெளிந்தது. டாஸில் ஓட்டினால் நெளிவு குறைவு, ஓரங்கள் மட்டும் மங்கலாக இருக்கும். அதே மேஜையில் அதுவரை இருந்த பச்சைத் திரையில் இந்தத் தொல்லையே இல்லை. அப்புறம் சந்தேகம் யார் மேல் போகும்? புதுக் கார்டு மேல்தான். சப்ளை செய்த கம்பெனிக்குக் கடிதம் போயிற்று. கார்டை மாற்றினார்கள், நெளிந்தது. மானிட்டரை மாற்றினார்கள், அப்போதும் நெளிந்தது. பிராக்டிகல் பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருந்தது. சிலருக்குப் பார்த்துப் பார்த்துத் தலைவலியே வந்துவிட்டது.

கடைசியில் கண்டுபிடித்தவர் லேப் அட்டெண்டர். மேஜையைக் கூட்டித் துடைப்பதற்காக மானிட்டரை அடுத்த பெஞ்சுக்குத் தள்ளினார். வயர் நீளமாக இருந்ததால் திரை எரிந்துகொண்டே போயிற்று. போகப் போக நெளிவு நின்றது. "சார், அங்கிட்டு வச்சா ஆடலை, இங்கிட்டு வச்சாத்தான் ஆடுது. மேஜைக்குக் கீழ இருக்கிற பொட்டிதான் இழுக்குது போல" என்றார். அந்தப் 'பொட்டி' சி.வி.டி. எனப்படும் கனத்த வோல்டேஜ் சீராக்கி. நம் ஊரில் அன்றைக்கு மின்னழுத்தம் ஏறி இறங்கிய லட்சணத்தில் அது இல்லாமல் கம்ப்யூட்டர் வைக்கவே முடியாது.

அவர் சொன்னது அறிவியல்படி முழுக்கச் சரி. சி.வி.டி.யைச் சுற்றிப் பலமான காந்தப்புலம் கசியும். பழைய படக்குழாயில் ஓடும் எலக்ட்ரான் கற்றையைக் காந்தம் வளைக்கும். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, ஆகவே கற்றையும் நொடிக்கு 50 தடவை அசைக்கப்படும். விண்டோஸில் வி.ஜி.ஏ. திரை நொடிக்கு 60 தடவை வரையப்படும். 60க்கும் 50க்கும் வித்தியாசம் 10. அந்த 10தான் கண்ணுக்குத் தெரியும் நெளிவு. டாஸ் எழுத்து முறையில் வி.ஜி.ஏ. 70 தடவை வரையும். வித்தியாசம் 20, அந்த வேகத்தில் நெளிவு கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும்.

அப்படியானால் பச்சைத் திரை ஏன் ஆடவில்லை? மோனோவும் ஹெர்க்குலிஸும் நொடிக்கு 50 தடவை வரைபவை. மின்சாரமும் 50. இரண்டும் கைகோர்த்து நடந்ததால் வித்தியாசம் ஏறக்குறையப் பூஜ்யம். படம் வளைந்திருந்தாலும் வளைந்தபடியே நிற்கும், அல்லது மூச்சு விடுவது போல மெல்ல அசையும். யாரும் கவனிக்க மாட்டார்கள். பெட்டி அத்தனை வருஷமும் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. புதுக் கார்டு செய்த குற்றம், அதைக் காட்டிக் கொடுத்தது ஒன்றுதான்!

பெட்டியைச் சுவரோரம் தள்ளி வைத்தார்கள். இப்படிப்பட்ட காந்தப்புலம் தூரத்தோடு வேகமாகக் குறையும். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் பலம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். பரீட்சை ஒழுங்காக நடந்தது.

எர்த் குழிக்குத் தண்ணீர்

கார்டின் மேல் பழி விழுந்த இன்னொரு கோளாறு, திரையில் கீழிருந்து மேலே ஊர்ந்து போகும் சாம்பல் பட்டை. கூடவே கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும். இது கோடையில்தான் அதிகம்.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் மின்இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் உண்டு. அவை வடித்ததை எர்த் வயரில் விடும். எர்த் சரியில்லை என்றால் பெட்டியிலேயே ஏறக்குறைய 115 வோல்ட் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியதாகையால் ஆளைக் கொல்லாது, ஆனால் சுருக்கென்று கடிக்கும். அந்த இரைச்சல் மானிட்டர் வயர் வழியாகத் திரைக்கும் போகும்.

நம் சமவெளி மழை குறைந்த பூமி. கரியும் உப்பும் போட்டு வெட்டிய எர்த் குழி, சித்திரை வைகாசியில் காய்ந்து பாறையாகிவிடும். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது. வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் திரையில் பட்டை மறையும். குடிக்கிற தண்ணீருக்கே வரிசையில் நின்ற ஊரில், கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று வாட்ச்மேன் சிரித்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

டிவிக்குள் புகுந்த கம்ப்யூட்டர்

இதுவரை சொன்னதில் கார்டு நிரபராதி. ஒரு விஷயத்தில் மட்டும் அது உண்மையிலேயே குற்றவாளி.

1980களில் தென்மாவட்டங்களில் உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் போட்டு, 1982ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பிடித்தவர்கள் உண்டு. பிறகு கொடைக்கானல் ஒளிபரப்பு வந்ததும் தூர்தர்ஷன் தெளிவானது. 1990களில் டி.டி.பி. சென்டர்களும் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையங்களும் வீட்டு மாடிகளில் தொடங்கின. மாடியில் கம்ப்யூட்டரைப் போட்டால் கீழ்வீட்டு டிவியில் கோடு கோடாக வரும். "ஏம்ப்பா, ஒளியும் ஒலியும் முடியிற வரைக்கும் உன் மெஷினை அணைச்சு வையேன்!" என்று வீட்டுக்கார அம்மா படியேறி வந்துவிடுவார்.

வி.ஜி.ஏ. கார்டில் புள்ளிகளை அனுப்பும் கடிகாரம் 25.175 மெகாஹெர்ட்ஸ். அதன் இரட்டிப்பு 50.35. அந்நாளைய டிவி சேனல்களில் ஒரு பகுதி 47 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை இருந்தது. கார்டின் எதிரொலி நேராக அதற்குள் விழும். இந்தத் தொல்லைக்காகவே அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1979ல் கம்ப்யூட்டர்களுக்கு அலைக்கசிவு வரம்பு விதித்தது. தகரப் பெட்டியும், வயரைச் சுற்றிய உலோக வலையும், மானிட்டர் வயரில் உருண்டையாக இருக்கும் ஃபெரைட் குண்டும் அதனால் பெருகியவைதான். நம் ஊரிலோ வெயிலுக்காகப் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்து, பக்கத்தில் டேபிள் ஃபேன் ஓடும். மூடியை மாட்டி நாலு ஸ்குரூவையும் முடுக்கினாலே வீட்டுக்கார அம்மாவின் கோபம் பாதி தணியும்.

தமிழ் எழுத்தின் புள்ளி

டி.டி.பி. பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நம் பழைய மாணவர்களில் பலர் அதில்தான் முதல் சம்பாத்தியம் பார்த்தார்கள்.

ஆங்கிலம் மட்டும் தெரிந்த எழுத்து முறையில் தமிழைக் காட்டவே தனி ஏற்பாடு வேண்டியிருந்தது. ஐ.ஐ.டி. கான்பூரில் தொடங்கி, 1988ல் புனேயில் ஏற்பட்ட சி-டாக் நிறுவனம் வளர்த்தெடுத்த 'ஜிஸ்ட்' கார்டு, இந்திய மொழிகளுக்கென்றே செய்த செருகு அட்டை. விண்டோஸ் வந்தபின் எழுத்துருக்கள் பெருகின. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு விசைப்பலகை என்ற குழப்பத்துக்கு 1999ல் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாடு ஓரளவு முடிவு கட்டியது.

பக்கம் முழுவதும் திரையில் தெரியவேண்டும் என்று 1024க்கு 768 புள்ளிகள் வைத்தால், அந்நாளைய மலிவு கார்டுகள் ஒருதடவை ஒற்றைப்படை வரிகளையும் மறுதடவை இரட்டைப்படை வரிகளையுமாக வரையும். முழுப் படம் நொடிக்கு 43 தடவைதான். மெல்லிய கோடுகளெல்லாம் துடிக்கும். தமிழில் மெல்லியது எது? மெய்யெழுத்தின் புள்ளி! 'க' எது, 'க்' எது என்று தெரியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு பத்து மணி நேரம் அடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்பிள்ளைகள். கல்யாணப் பத்திரிகையில் ஒரு புள்ளி தவறினால் கூலியும் போகும், பேப்பரும் தண்டம். கண்ணாடி போட்டவர்களைக் கேட்டால் அந்தத் திரையைத்தான் முதலில் சொல்வார்கள். தெளிவைக் குறைத்து 800க்கு 600 வைத்து, வேகத்தை 75க்கு ஏற்றினால் கண்ணுக்குச் சுகம். அதை அவர்களுக்குச் சொன்னவர் அன்று குறைவு.

கைப்பழக்கமான வைத்தியம்

புத்தகம் இல்லாமல், ஒருவர் பார்த்து ஒருவர் கற்ற முறை இதுதான்:

1. ஸ்விட்ச் போட்டதும் ஒரு நீள பீப், இரண்டு குட்டை பீப் வந்தால் கார்டைப் பார். கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, மறுபடி அழுத்திச் செருகு. பாதி நோய் இதிலேயே தீரும்.

2. வெள்ளை மஞ்சளானால் நீல ஊசி, ஊதாச் சிவப்பானால் பச்சை ஊசி, நீலப்பச்சையானால் சிவப்பு ஊசி தொடவில்லை. 15 ஊசி வயரைக் கழற்றி, வளைந்ததை நிமிர்த்து.

3. படம் ஆடினால் மானிட்டரை நகர்த்து, திருப்பு. ஆட்டம் மாறினால் குற்றவாளி வெளியே இருக்கிறான்.

4. வரையும் வேகத்தை மாற்று. நெளியும் வேகமும் கூடவே மாறினால் அது மின்சாரக் காந்தம்தான்.

5. இத்தனையும் பார்த்தபின், நல்ல மெஷினில் கார்டை மாட்டிப் பார். அங்கேயும் அதே கோளாறு வந்தால் மட்டும் புதுக் கார்டு.

நம் ஊர்ப் பூட்டுத் தொழிலாளி, பூட்டு திறக்கவில்லை என்றதும் உடைக்க மாட்டார். காதில் வைத்து ஆட்டி, சாவியை மெல்லத் திருப்பி, எந்த நெம்புகோல் எழவில்லை என்று பார்ப்பார். அதே ஊர்க்காரப் பையன்கள் திரையிடமும் அப்படித்தான் நடந்துகொண்டார்கள்.

ஒரு வேண்டுகோள்

இன்று படக்குழாய்த் திரைகள் போய்விட்டன. தட்டைத் திரையில் எலக்ட்ரான் கற்றையே இல்லை, ஆகவே காந்தம் அதை ஆட்டாது. படமும் எண்களாகவே வயரில் போகிறது. கார்டோ திரைக்குப் படம் அனுப்புவதோடு நில்லாமல் செயற்கை நுண்ணறிவுக் கணக்கெல்லாம் போடுகிறது. ஆனாலும் கோடு விழுந்தால் முதலில் வயரைப் பார், இடத்தை மாற்று, பிறகு கார்டு என்ற வரிசை மாறவில்லை.

மறைந்துகொண்டிருப்பது வேறு. பழைய கூடங்களின் ஸ்டாக் ரிஜிஸ்டர்களும், ரிப்பேர் நோட்டுகளும், ஹெர்க்குலிஸ் கார்டுகளும் கழிவு என்று எழுதப்பட்டு எடைக்குப் போகின்றன. படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு, அதைக் கண்ட இடத்தில் உடைப்பது மண்ணுக்கும் ஆளுக்கும் கேடு. முறையான மின்கழிவு நிலையத்துக்கே அனுப்பவேண்டும். அனுப்புமுன், ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து வைக்கலாமே?

நம் சங்கம் கல்லூரியில் ஒரு அலமாரி கேட்டுப் பெறவேண்டும். ஒரு பச்சைத் திரை, ஒரு மோனோ கார்டு, ஒரு வி.ஜி.ஏ. கார்டு, ஒரு சி.வி.டி. பெட்டி, ஒரு ரிப்பேர் நோட்டு. வீட்டுப் பரணில் வைத்திருப்பவர்கள் கொடுத்து உதவுங்கள். அந்த நாளில் கூடத்தில் பணிபுரிந்த அட்டெண்டர்களையும் டெக்னீஷியன்களையும் தேடிப் பிடித்து, அவர்கள் சொல்வதை எழுதி வைப்போம். வயது ஏறிக்கொண்டே போகிறது. பேராசிரியர்களுக்குப் போர்த்தும் பொன்னாடையில் ஒன்றை, மானிட்டரை நகர்த்திப் பார்த்த அந்தக் கைகளுக்கும் இந்த ஒன்றுகூடலிலேயே போர்த்தினால், நாம் படித்த படிப்புக்கு அது மரியாதை.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!